கடையில் அடம் பிடிக்கிற பிள்ளைக்குக் காசைக் கையில் கொடுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். 8 வயது மகன் எந்தக் கடைக்குப் போனாலும் எதையாவது கேட்டு அடம் பிடிக்கிறான். 13 வயது மகள் மொபைல் கேமுக்குள் உங்கள் கார்டில் இருந்து உங்களிடம் சொல்லாமலே செலவு செய்திருக்கிறாள். "காசோட அருமையே தெரியலை, எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது?" இதுதானே? மகள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் பல வருஷம் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவன், வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன். வட்டிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற மாணவன் கையில் இருக்கிற காசை அன்றைக்கே தீர்த்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்லிப் புரியவைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. உங்கள் மகன் நிற்கிற இடத்தில் நின்று கடையைப் பாருங்கள். பணம் முழுக்க உங்களிடம் இருக்கிறது. அது எவ்வளவு, எப்போது தீரும் என்று அவனுக்குத் தெரியாது. கேட்பதால் அவனுக்கு ஒன்றும் குறைவதில்லை, கேட்டால் சில நேரம் கிடைக்கிறது, அழுதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கிறது. அவன் கையில் இருக்கிற ஒரே செல்லுபடியாகிற நாணயம் அழுகைதான், அதை அவன் ரொம்பச் சாமர்த்தியமாகவே செலவு செய்கிறான். இதில் அவனிடம் என்ன தப்பு?

ஆகவே அவனுக்கென்று கொஞ்சம் பணம் வேண்டும். கேட்கும்போதெல்லாம் எடுத்துக் கொடுப்பதைச் சொல்லவில்லை. ஒரே தொகை, ஒரே கிழமை, வாரம் தவறாமல். 8 வயதுக்கு மாதம் என்பது முடிவே இல்லாத தூரம், வாரம்தான் சரி. எவ்வளவு கொடுப்பது என்று எல்லாரும் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கப் போவார்கள். அது வேண்டாம். ஒரு மாதம் அவன் கேட்டு நீங்கள் வாங்கிக் கொடுத்த சின்னச் சின்னச் சாமான்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கே திக்கென்று இருக்கும். அந்தத் தொகையில் கொஞ்சம் குறைத்து நான்காக வகுத்தால் அவனுடைய வாரப் பணம் வந்துவிட்டது. புதிதாக ஒரு செலவும் ஏறவில்லை பாருங்கள், ஏற்கெனவே அவன்மேல் போய்க்கொண்டிருந்த பணம் இப்போது அவன் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பணம் எதற்கு, எதற்கு இல்லை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். சாப்பாடு, துணி, பள்ளிக்குத் தேவையானது, மருந்து எல்லாம் உங்கள் பொறுப்பு. விளையாட்டுச் சாமான், ஸ்டிக்கர், கடைவாசலில் கண்ணில் படுகிற அற்பசொற்பங்கள் எல்லாம் அவன் பொறுப்பு. எல்லைக்கோட்டில் நிற்கிற சாமான்கள் வரும், பென்சில் தேவை, ஆனால் அவனுக்கு விளக்கு எரிகிற பென்சில்தான் வேண்டும். அப்போது சாதாரணப் பென்சிலின் விலையை நீங்கள் கொடுங்கள், மிச்சத்தை அவன் போடட்டும். இந்த ஒரு ஏற்பாடு தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்துப் பாடம் எடுத்தாலும் வராத அளவுக்கு விளக்கிவிடும்.

பணத்தைச் சில்லறையாகவே கொடுங்கள், பிரித்து வைக்க வசதியாக இருக்கும். இன்னும் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: 5 வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய நோட்டையும் ஐந்து சின்ன நாணயங்களையும் நீட்டினால் அநேகமாக நாணயங்களைத்தான் எடுக்கும். ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை வைத்து ஒன்றைத் தள்ளித் தள்ளிப் பரப்பினால் நீளமான வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று அந்த வயதில் சொல்வார்கள், இதை ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஏறக்குறைய 7 வயதில்தான் அது தெளிகிறது. அதற்கு முன்னால் கடைக்காரரிடம் காசு கொடுக்க வைப்பது, மிச்சம் வாங்க வைப்பது, அது போதும். கணக்கு பிறகு வரும்.

இப்போது முதல் முறை கடைக்குப் போகிறீர்கள், பையன் எதையோ எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான். "வாங்கிக்கோ, உன் காசு கொண்டு வந்திருக்கியா?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கிற சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், காசை எண்ணுவான், கொண்டுபோய் வைப்பான், மறுபடி எடுப்பான். உங்கள் காசாக இருந்தபோது இந்தத் தயக்கம் ஒரு தடவையாவது வந்ததா? நீங்கள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான், சொல்லப்போனால் இந்த முழு விஷயத்திலும் கஷ்டமான பகுதி இதுதான். "இது குப்பை", "ரெண்டு நாள்ல உடைஞ்சிடும்" என்றெல்லாம் நாக்கு நுனிவரை வரும். ஆபத்தான சாமான், வயதுக்கு ஒவ்வாத சாமான் என்றால் கறாராகத் தடுங்கள், அந்த உரிமை எப்போதும் உங்களுடையது. வெறும் குப்பை என்றால் வாங்கட்டும்.

என் மகள் 9 வயதில் ஆறு வாரம் சேர்த்து வைத்து ஒரு பொம்மைக் கைக்கடிகாரம் வாங்கினாள். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் என் கை பர்ஸுக்குப் போனது உண்மை, வீட்டுக்காரி கண்ணாலேயே தடுத்துவிட்டாள். அதற்கப்புறம் எதை வாங்கினாலும் அந்தப் பெண் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டதில்லை, உத்தரவாதம் எத்தனை மாதம், ரசீது கொடுப்பார்களா, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடைக்காரரைப் பிடித்து உலுக்கிவிடுவாள். ஆறு வாரக் காசில் வந்த படிப்பு. இதே தப்பை 25 வயதில் முதல் சம்பளத்தில் செய்தால் எவ்வளவு ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காசு தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வரை தீர்ந்ததுதான். "சரி, இந்த ஒரு தடவை" என்று நீங்கள் நிரப்பிவிட்டால் பழைய அழுகை நாணயம் மறுபடியும் செல்லுபடியாகிவிடும். பாட்டி தாத்தாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அதே கறார் உங்களுக்கும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் தொடங்கியது, ஒரு இனிப்பை முன்னால் வைத்து, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்ல, பொறுமைதான் எல்லாம் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். 2018ல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தால் இன்னும் வெகுவாகக் குறைந்தது. எனக்கு இவை இரண்டையும்விட முக்கியமாகப் படுவது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர் குழுவாகச் செய்து 2013ல் வெளியிட்ட சோதனை. இனிப்பை வைப்பதற்கு முன்னால் படம் வரைய நல்ல சாமான்கள் கொண்டு வருகிறேன் என்று பெரியவர் ஒரு வாக்குக் கொடுத்தார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார், பாதிப் பிள்ளைகளிடம் இல்லை என்று கையை விரித்தார். அப்புறம் இனிப்பு. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷம்.

இதை வீட்டில் பொருத்திப் பாருங்கள். வாரப் பணத்தை இரண்டு வாரம் மறந்துவிட்டு மூன்றாம் வாரம் "எவ்வளவு பாக்கி? சரி, இதை வச்சுக்கோ" என்று கொடுக்கிற அப்பா, பிள்ளையின் உண்டியலில் இருந்து அவசரத்துக்கு எடுத்துவிட்டுத் திருப்பி வைக்காத அம்மா, பண்டிகைக்கு வந்த பணத்தை "நான் பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கி, அது எங்கே போனது என்றே தெரியாமல் செய்கிற நாம் எல்லாரும், பிள்ளைக்குக் கற்றுத் தருவது என்ன? காத்திருந்தால் கிடைக்காது, கையில் இருக்கும்போதே செலவு செய்துவிடு. அப்படிப்பட்ட வீட்டில் உடனே தின்றுவிடுகிற பிள்ளை அவசரக்குடுக்கை இல்லை, விவரமான பிள்ளை.

வேலை செய்தால் காசு, மார்க் வாங்கினால் காசு என்று வைக்கலாமா என்பது அடுத்து வழக்கமாக வருகிற கேள்வி. இதில் ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் மாறும், நான் வேண்டாம் என்கிற கட்சி. 1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துச் சும்மா விட்டுப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலி வேலையாகிவிட்டது. அதேபோல் தப்புக்கு அபராதம் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துப் பகல்நேரக் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போகிற பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள், 2000ல் வெளிவந்த ஆய்வு அது. தாமதம் குறையவில்லை, கூடியது! காசு கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன குற்ற உணர்ச்சி என்று ஆகிவிட்டது. உங்கள் மகனும் ஒருநாள் "இன்னிக்குப் பாத்திரம் எடுத்து வைக்கலை, காசைப் பிடிச்சுக்கோங்க" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போவான். தன் படுக்கையை மடிப்பது, தட்டைக் கழுவுவது எல்லாம் வீட்டில் ஒருவனாக இருப்பதற்கான வேலை, அதற்கு விலை வைக்காதீர்கள். வழக்கத்துக்கு மேலான வேலை, பழைய சாமான்களைப் பிரித்து அடுக்குவது, வண்டி கழுவுவது போன்றவற்றுக்குத் தனியாகக் கூலி பேசலாம். உழைத்து வாங்குவதன் ருசியும் தெரிய வேண்டியதுதானே.

சேமிப்பு. உண்டியல் என்றால் வெளியே தெரிகிற கண்ணாடி ஜாடியாக இருக்கட்டும். மண் உண்டியலும் இரும்புப் பெட்டியும் காசை விழுங்கிவிடுகின்றன, ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் சின்னப் பிள்ளைக்குப் பிடிப்பு வரும். ஜாடிமேல் வாங்க நினைக்கிற சாமானின் படத்தை ஒட்டி வையுங்கள். 8 வயதில் மூன்று, நான்கு வாரத்தில் எட்டக்கூடிய குறியாக இருக்க வேண்டும். "உன் படிப்புக்குச் சேர்த்து வை" என்பதெல்லாம் அந்த வயதுக்குக் காற்றில் வரைந்த கோலம். செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, பிறருக்குக் கொடுக்க ஒன்று என்று மூன்று ஜாடி வைக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. தாராளமாக வைக்கலாம், ஆனால் கொடுக்கிற ஜாடியைக் கட்டாயமாக்காதீர்கள், வரி கட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

வட்டி என்றால் என்னவென்று காட்ட வங்கிக்குப் போக வேண்டியதில்லை, நீங்களே வங்கியாக இருக்கலாம். மாதக் கடைசியில் சேமிப்பு ஜாடியில் இருக்கிற ஒவ்வொரு பத்துக் காசுக்கும் ஒரு காசு நீங்கள் போடுங்கள். உலகத்தில் எந்த வங்கியும் மாதம் 10 சதவீதம் தராது, அது தெரிந்துதான் சொல்கிறேன், 8 வயதுக்கு 10 சதவீதம்தான் கண்ணில் படும். தொடாமல் விட்டால் எட்டு மாதத்துக்குள் இரட்டிப்பாகிவிடும், அதை அவனே எண்ணிப் பார்க்கட்டும். (உங்கள் கஜானா தாங்காது, ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.) மகளுக்கு 72 என்ற எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். வட்டி விகிதத்தால் 72ஐ வகுத்தால் பணம் ஏறக்குறைய எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 வருஷம். அதே எண் கடனுக்கும் பொருந்தும், வருஷத்துக்கு 36 சதவீதம் வட்டி ஓடுகிற கடனைக் கட்டாமல் விட்டால் இரண்டே வருஷத்தில் இரட்டிப்பு. இந்த இரண்டு வரியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டு நீங்கள் பேசாமல் எழுந்து போகலாம்.

சரி, கடைக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இது, ஏனென்றால் கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

போகுமுன் வீட்டிலேயே பட்டியல் எழுத வேண்டும், எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். பட்டியலில் இல்லாதது அன்றைக்குக் கிடையாது, இது உங்களுக்கும் சேர்த்து, பட்டியலை மீறி ஆஃபரில் இருக்கிறது என்று நீங்கள் ஒன்றைத் தூக்கிப் போட்டால் பையன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். கடைக்குள் நுழைந்ததும் ஒரு விளையாட்டு: ஒரே சாமான், இரண்டு அளவு, எது மலிவு? சோப்புத்தூள் 400 கிராம் பாக்கெட் 90, ஒரு கிலோ பாக்கெட் 240 என்று வையுங்கள். பெரியதுதான் லாபம் என்று நாம் யோசிக்காமல் எடுத்துவிடுவோம். 100 கிராமுக்கு வகுத்தால் சின்னது 22.50, பெரியது 24. எல்லா நேரமும் இப்படி இருக்காது, பெரும்பாலும் பெரியது மலிவாகத்தான் இருக்கும், ஆனால் வகுத்துப் பார்க்காமல் தெரியாது என்பதுதான் விஷயம். அதே பாக்கெட், அதே விலை, உள்ளே இருக்கிற எடை மட்டும் கமுக்கமாகக் குறைந்திருக்கும், அதையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், துப்பறிகிற வேலை என்றால் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்காது. பெரியது மலிவாகவே இருந்தாலும் காலாவதி தேதிக்குள் நம் வீட்டில் தீருமா என்று பார்க்க வேண்டும், பாதியைக் கொட்டினால் மலிவு எங்கே இருக்கிறது?

தள்ளுபடிக் கணக்கில் பெரியவர்களே விழுகிறோம். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் தள்ளுபடி 25 சதவீதம், 33 இல்லை, அதுவும் நான்கும் தேவையாக இருந்தால்தான். "50 சதவீதம், அதற்குமேல் இன்னும் 20 சதவீதம்" என்று போட்டிருந்தால் 70 என்று மனசு கூட்டிவிடும். 100க்கு 50 போய் மிச்சம் 50, அதில் 20 சதவீதம் 10, ஆக மொத்தம் 60 சதவீதம்தான். 299 என்ற விலையைப் பார்த்ததும் 200 சொச்சம் என்று பதிவது நம் கண் இடமிருந்து வாசிப்பதால், முதல் இலக்கம்தான் மனசில் ஒட்டுகிறது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வைத்து நடுத்தரத்தின் விலையைப் பெரியதற்கு ஒட்டினாற்போல் வைத்தால், "இன்னும் கொஞ்சம் போட்டால் பெரியதே கிடைக்குமே" என்று கை அங்கே போகும். நடுத்தரத்தை யாரும் வாங்க வேண்டியதே இல்லை, பெரியதை விற்பதற்காக நிற்கிற பொம்மை அது. ஹியூபர், பெய்ன், பியூட்டோ என்ற மூவர் 1982லேயே இதை ஆய்வாக எழுதிவிட்டார்கள், கடைக்காரர்கள் அதற்கும் முந்தியே தெரிந்து வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். பில் போடுகிற இடத்தில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஏன் மிட்டாயும் பொம்மையும் தொங்குகின்றன என்று உங்கள் மகனிடமே கேளுங்கள். யோசித்துச் சொல்லிவிடுவான், சொன்ன பிறகு அந்த அலமாரி அவனுக்குப் பழைய மாதிரி தெரியாது.

கடைசியில் பில்லைச் சரிபார்க்கிற வேலையும் அவனுடையது. ஒரு தடவை தப்பைக் கண்டுபிடித்துக் காசு திரும்பி வந்துவிட்டால் போதும், வாழ்நாள் முழுக்க அந்தப் பழக்கம் விடாது.

விலை கூடுதலான சாமான் என்றால், அவன் காசாகவே இருந்தாலும், ஒரு நாள் தள்ளிப்போட்டுத்தான் வாங்குவது என்று வீட்டு விதி வைக்கலாம். மகளுக்கு ஒரு வாரம். மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கட்டும், தடை இல்லை. எங்கள் வீட்டில் பாதி சாமான் அந்த ஒரு ராத்திரியைத் தாண்டவில்லை, பிள்ளைகளுடையது மட்டும் இல்லை, என்னுடையதும்தான். செருப்பு, பை போன்றவற்றில் மலிவானதை வாங்குவதுதான் சிக்கனம் என்று நினைத்துவிடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விலையை எத்தனை நாள் உழைக்கும் என்பதால் வகுக்கச் சொல்லுங்கள், பல நேரம் கொஞ்சம் விலை கூடியது ஜெயிக்கும்.

விளம்பரம் பற்றி ஒன்று. 8 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, விளம்பரம் என்பது தன்னை வாங்கவைக்கப் பேசுகிற பேச்சு என்றே புரியாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004ல் சொன்னது. ஸ்வீடன் 1991ல் இருந்து 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிவைக்கும் டிவி விளம்பரங்களைத் தடை செய்திருக்கிறது, கனடாவின் கியூபெக் மாகாணம் 1980ல் இருந்து 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான விளம்பரங்களையே தடுத்திருக்கிறது. இன்றைக்கு டிவிகூடப் பரவாயில்லை, இடைவேளை வந்தால் விளம்பரம் என்று தெரியும். வீடியோவில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே பொம்மைப் பெட்டியைப் பிரிக்கும்போது அது விளம்பரமா, விளையாட்டா என்று யார் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எடுத்தவங்களுக்கு யார் காசு கொடுத்திருப்பாங்க? எதைக் காட்டாம விட்டுட்டாங்க?" என்று கேட்டுப் பழக்குங்கள். தடுப்பதைவிட இது அதிகம் வேலை செய்யும்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத காசு. நீங்கள் போனை நீட்டுகிறீர்கள், பீப் சத்தம் வருகிறது, சாமான் வருகிறது. இதில் எங்கே பணம் குறைந்தது? பெரியவர்களுக்கே தெரியவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிரெலெக், சைமஸ்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தார்கள், 2001ல் வெளியானது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் எல்லாரும் மேலாண்மை படிக்கிற மாணவர்கள். அதனால் 10, 11 வயது வரை நோட்டும் நாணயமும்தான். அதற்குப் பிறகு டிஜிட்டலுக்கு மாறுங்கள், மாறும்போது கணக்கு எழுதுகிற பழக்கத்தோடு மாறட்டும். நீங்கள் போனில் கட்டும்போதெல்லாம் "இவ்வளவு போச்சு, மிச்சம் இவ்வளவு" என்று வாய்விட்டுச் சொல்வது அற்பமாகத் தோன்றும், செய்து பாருங்கள்.

கேம்களில் இன்னொரு தந்திரம் உண்டு. நிஜக் காசை முதலில் வைரமாக, தங்கக் காசாக, ஏதோ ஒரு புள்ளியாக மாற்றிவிடுவார்கள். 500 கொடுத்து 1,150 வைரம். அதற்கப்புறம் ஒரு உடை 800 வைரம் என்றால் அது நிஜத்தில் எவ்வளவு என்று எந்தப் பிள்ளையும் வகுத்துப் பார்க்காது, மிச்சம் நிற்கிற 350ல் எதுவும் வாங்கவும் முடியாது, ஆக மறுபடி வாங்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே வாங்குகிற அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று 2018ல் பெல்ஜியம் முடிவு செய்தது. பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கியதற்காக 2014ல் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு உடன்பாட்டுக்கு வந்து குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஃபோர்ட்நைட் கேமை நடத்துகிற எபிக் கேம்ஸ், பயனர்களைத் தந்திரமாக வாங்கவைத்த புகாருக்காக 2022ல் 24 கோடியே 50 லட்சம் டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மகளைத் திருடி மாதிரிப் பார்க்காதீர்கள். எதிர்ப்பக்கம் படித்த பெரியவர்கள் கூட்டமாக உட்கார்ந்து யோசித்துக் கட்டிய பொறி அது, விழுந்தது 13 வயது. பொறியின் கணக்கை அவளோடு உட்கார்ந்து பிரித்துக் காட்டுங்கள். இன்றைக்கே போனில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கிற மாதிரி மாற்றுங்கள், கார்டு விவரத்தைக் கேம் கணக்கில் இருந்து நீக்குங்கள், பணம் திரும்பப் பெற விண்ணப்பிக்க முடியுமா என்றும் ஆப் ஸ்டோரில் பாருங்கள், சீக்கிரம் கேட்டால் சில நேரம் கிடைக்கும்.

13 வயதுக்கு வாரப் பணம் போதாது, மாதப் பணமும் பொறுப்பும் வேண்டும். உடுப்புச் செலவு என்று ஆறு மாதத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி அவளிடமே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே விலை உயர்ந்த சட்டையில் போட்டுவிட்டுப் பிறகு பழைய சட்டைகளோடு சுற்றினால் சுற்றட்டும், தோழிகள் முன்னால் சங்கடப்படட்டும். அடுத்த ஆறு மாதம் வேறு மாதிரி இருக்கும். தோழி வைத்திருக்கிறாள் என்று கேட்டால் "நம்மகிட்ட காசு இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள், அன்று சாயங்காலமே நீங்கள் வேறொன்று வாங்கிக்கொண்டு வருவீர்கள், மானம் போய்விடும். "காசு இருக்கு, ஆனா இதுக்கு இல்லை, அது வேற ஒண்ணுக்கு வச்சது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டு மாதச் செலவுத் தாளை அவள் முன்னால் விரித்து வையுங்கள், வாடகை, மின்சாரம், கடன் தவணை எல்லாம் போன பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்க்கட்டும். நிஜமாகவே கைக்கடி என்றால் அதையும் சொல்லலாம், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள். ஆனால் ராத்திரி தூக்கம் வராத கவலையை அவர்கள் தலையில் இறக்கி வைக்காதீர்கள், அது வேறு, இது வேறு.

இனி அந்தப் பணம். கத்தி முடித்திருப்பீர்கள், அது போகட்டும். கார்டு கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு அவளோடு உட்காருங்கள், கேமுக்குப் போன ஒவ்வொரு வரியையும் அவளே கோடு போட்டுக் கூட்டட்டும். மொத்தத்தைப் பார்த்து அவளே அதிர்ச்சியாவாள், ஏனென்றால் அவளுக்கு அது வைரக் கணக்கில்தான் தெரியும். அதை முழுக்க அவள் தலையில் கட்ட வேண்டாம், பூட்டு போடாமல் வைத்தது உங்கள் தப்பும்தான், பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மீதிப் பாதியை மாதப் பணத்தில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வீதம் அவள் கட்ட வேண்டும், வட்டி கிடையாது. முழுப் பணத்தையும் பிடித்துவிட்டால் கையில் ஒன்றும் இல்லாத பிள்ளை கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. எத்தனை தவணை, எந்தத் தேதி, எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், வெளியே வேண்டாம், விருந்தாளிகள் படிப்பார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவளே கோடு அடிக்கட்டும். கடைசித் தவணை கட்டி முடித்த அன்று அந்தத் தாளை அவள் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள், அதற்கப்புறம் எந்தச் சண்டையிலும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.